கினாசி கியரைக் கழற்றினாள்

எங்கள் ஊரில் கினாசி ஓரிடத்தில் சும்மா நின்று பார்த்தவர் யாரும் இல்லை. பல் தேய்க்கும்போது கிணற்றைச் சுற்றி வருவாள். சாப்பிடும்போது பெஞ்சுக்கு அடியில் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். வகுப்பில் டீச்சர் அடிக்கடி கேட்பார்.

"கினாசி, உன் நாற்காலியில மட்டும் எறும்புப் புத்தா இருக்கு?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் ஏன் இந்த ஆட்டம்?"

அது கினாசிக்கே தெரியாது. பதினொரு வயதில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சைக்கிளில் ஏறி வேகமாக மிதிக்கும்போது மட்டும் உடம்புக்குள் இருக்கும் அந்தத் துறுதுறுப்பு கொஞ்சம் அடங்கும்.

பச்சை நிறக் கியர் சைக்கிள் அது. அண்ணன் பாத்தாம் தீவில் கப்பல் கட்டும் வேலைக்குப் போனபோது அவளிடம் கொடுத்துவிட்டுப் போனது. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஆறு. ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளினால் 'க்ளிக்' என்று செயின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். நாலாம் தெருவில் கியர் சைக்கிள் இரண்டே இரண்டு. ஒன்று அவளுடையது. இன்னொன்று அவள் வகுப்பில் படிக்கும் பாஞ்சியுடையது.

ஆகஸ்ட் மாதம் வந்தாலே எங்கள் ஊரில் இரண்டு விஷயம் நடக்கும். வயல் காய்ந்து கிடப்பதால் வானம் முழுக்கப் பட்டம் பறக்கும். சுதந்திர தினத்துக்காகத் தெருவுக்குத் தெரு எங்கள் நாட்டின் சிவப்பு வெள்ளைக் கொடி கட்டிப் போட்டிகள் வைப்பார்கள். எண்ணெய் தடவிய கமுகு மரத்தில் ஏறுவது, கயிற்றில் தொங்கும் வடாமைக் கை படாமல் தின்பது, கோணிக்குள் நின்று குதித்து ஓடுவது என்று நாள் முழுக்க அமர்க்களமாக இருக்கும். எல்லாவற்றிலும் பெரியது வாய்க்கால் கரை சைக்கிள் பந்தயம். இந்த வருடம் நாலாம் தெருவுக்காக அதில் ஓட்டப் போவது கினாசிதான்.

பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் அது நடந்தது.

சாயங்காலம். கினாசி வாய்க்கால் கரையில் தலையைக் குனிந்துகொண்டு பறந்து வந்தாள். வயல் ஓரத்தில் பக்கத்து வீட்டு லாராஸ் பட்டம் விட்டுக்கொண்டிருந்தாள். லாராஸுக்கு ஏழு வயது. ஆனால் பட்டம் விடுவதில் பெரிய பையன்களே அவளிடம் வாலாட்ட மாட்டார்கள்.

திடீரென்று காற்று விழுந்தது. பட்டம் தலைகீழாகச் சரிந்தது. நூல் தொய்ந்து, கரைப் பாதைக்குக் குறுக்கே விழுந்தது.

"அக்கா! நில்லுங்க! நூலு!"

பின் சக்கரத்தில் ஏதோ வெடுக்கென்று இழுத்தது. கினாசிக்கு அது நன்றாகவே தெரிந்தது. பிரேக்கைப் பிடித்திருந்தால் நின்றிருக்கலாம்.

அவள் இன்னும் ஓங்கி மிதித்தாள்.

மடார் என்று ஒரு சத்தம். பின் சக்கரத்தின் பக்கத்தில் தொங்கும் கியர் கை, நூலோடு சேர்ந்து கம்பிகளுக்குள் இழுபட்டு முறிந்தது. சக்கரம் அப்படியே இறுகி நின்றது. சைக்கிள் நின்றது. கினாசி மட்டும் நிற்கவில்லை. நேராகப் போய் வைக்கோல் குவியலில் விழுந்தாள்.

எழுந்து பார்த்தபோது கியர் கை பாதி உடைந்து, செயினில் செத்த பல்லி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு எங்கடி இருக்கு உனக்கு?" என்று கத்தினாள் கினாசி. "பாரு, பாரு, என் சைக்கிளைப் பாரு!"

லாராஸின் கையில் அறுந்த நூல் இருந்தது. பட்டம் கரும்புத் தோட்டத்துக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. சைக்கிளையே பார்த்தாள். உதடு துடித்தது.

சத்தம் கேட்டு பாஞ்சியும் நாலைந்து பிள்ளைகளும் ஓடி வந்தார்கள்.

"லாராஸ் நூலாலயா? போச்சுடா! நம்ம தெருவு தோத்தா எல்லாம் உன்னாலதான்" என்றான் பாஞ்சி.

லாராஸ் வீட்டுக்கு ஓடிவிட்டாள். கினாசி தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவளுடைய இரண்டு காலுமே ஆடின.

"சுகெங் வரட்டும், பார்த்துக்கலாம்" என்றார் அப்பா. ஓட்டுச் சூளையில் வேலை செய்துவிட்டு வந்த களைப்பு அவர் குரலில் இருந்தது. ஊரில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் சுகெங் சித்தப்பா ஒருவர்தான். அவரோ சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்குக் கூரை போட வெளியூர் போயிருந்தார்.

"எப்ப வருவாரு?"

"சுதந்திர தினம் கழிச்சு வருவாரு. அதுவரைக்கும் பொறு."

கினாசிக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை அதுதான்.

மறுநாள் காலையில் ரெத்னோ அக்கா வந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். தெருவின் போட்டிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. பின்னாலேயே பாஞ்சியும் தன் சைக்கிளோடு வந்து நின்றான்.

"கினா, மனசைத் தேத்திக்கோ. வேகப் பந்தயத்துக்குப் பாஞ்சி பேரைக் கொடுத்துட்டேன். வேற வழி இல்ல."

கினாசி வாசல் படியில் ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள்.

"வேற சைக்கிள் போட்டியே இல்லையாக்கா?"

"ஒண்ணு இருக்கு. ஆனா அது உனக்கு..." ரெத்னோ அக்கா இழுத்தாள். "மெதுவாப் பந்தயம். ரெண்டு பக்கக் கோட்டுக்குள்ளயே சைக்கிள் ஓட்டணும், தாண்டினா அவுட். கால் தரையில படக் கூடாது. யார் கடைசியா வர்றாங்களோ அவங்கதான் ஜெயிச்சவங்க."

பாஞ்சி விழுந்து விழுந்து சிரித்தான். "இவளா? இவ தூங்கும்போதே பாயோட நாலு வீடு தள்ளிப் போயிருவா! மெதுவாப் பந்தயத்துல விசில் அடிக்கிறதுக்குள்ள இவ அந்தப் பக்கம் போய் நிப்பா!"

"நான் ஓட்டுறேன்!" என்றாள் கினாசி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

"எதுல ஓட்டுவ?" என்றான் பாஞ்சி.

"என் சைக்கிள்லதான்."

"அதான் உடைஞ்சு கிடக்கே."

"கியர்தானே உடைஞ்சது? சைக்கிள் உடையலையே."

இதையும் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் பாஞ்சி போன பிறகு அந்த வார்த்தைகளே அவள் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. கியர்தானே உடைந்தது?

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுகெங் சித்தப்பா வீட்டுக்கு ஓடினாள். இடுப்பில் குழந்தையோடு சித்தி வெளியே வந்தாள்.

"சித்தி, சித்தப்பாவோட ஸ்பேனர் பெட்டி வேணும். சைக்கிளை நானே சரிபண்ணப் போறேன்."

"நீயா?" சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பெட்டி தர்றேன். ஆனா இங்கயே உட்கார்ந்து செய். ஒரு நட்டு காணாமப் போனாலும் உங்க சித்தப்பா என்னைத்தான் பிடிச்சுக்குவாரு."

பெட்டி வந்தது. கினாசி அதைத் திறக்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த சித்தப்பாவின் கறுப்புச் சைக்கிளையே பார்த்தாள். கியரே இல்லாத பழைய சைக்கிள். முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று. அவ்வளவுதான். வருடக்கணக்கில் ஓடுகிறது. செயின் கழன்று ஒருநாளும் அவள் பார்த்ததில்லை.

'எப்படிக் கழலாம இருக்கு?'

தரையில் படுத்து, பின் சக்கரத்துக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்தாள். சக்கரத்தின் அச்சு நீளமான பிளவு போன்ற ஒரு காடிக்குள் உட்கார்ந்திருந்தது. நட்டைத் தளர்த்தினால் சக்கரத்தைப் பின்னால் இழுக்கலாம். இழுத்தால் செயின் விறைக்கும். நட்டை முடுக்கினால் அங்கேயே நிற்கும்.

எழுந்து தன் சைக்கிளைப் பார்த்தாள். அதிலும் அதே மாதிரி காடி! கொஞ்சம் சாய்வாக, ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. இத்தனை நாள் அதை அவள் கவனித்ததே இல்லை.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. லாராஸ். இரண்டு கையாலும் எதையோ மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அக்கா, இதை வச்சுக்குங்க."

நூல் சுற்றிய தகர டப்பா. லாராஸ் யாரையும் தொடக்கூட விடாத டப்பா.

"எதுக்கு?"

"நான் இனிமே பட்டம் விட மாட்டேன். நம்ம தெருவு தோத்துடும்னு எல்லாரும் திட்டுறாங்க. எங்கம்மாவும் திட்டினாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இதுல நிறைய நூலு இருக்கு. சந்தையில யாராவது வாங்கிக்குவாங்க. நீங்க புதுக் கியர் போட்டுக்குங்க."

கினாசிக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"டப்பாவை அங்க திண்டு மேல வை" என்றாள் கடைசியில். "வந்து சக்கரத்தைப் பிடி. தனியாச் செய்ய முடியல."

லாராஸ் வேலியில் இருந்த ஓட்டை வழியாகவே நுழைந்து வந்துவிட்டாள்.

இருவரும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்கள். உடைந்த கியர் கையைக் கழற்றினார்கள். ஹேண்டில்பாரிலிருந்து கியர் நெம்புகோல்களைக் கழற்றினார்கள். நீளநீளமான கியர் வயர்களை உருவி எடுத்தபோது, இறாலுக்கு நரம்பு உருவுவது மாதிரி இருந்தது. சக்கரத்தில் வளைந்திருந்த கம்பிகளைக் கினாசி விரலால் நிமிர்த்தினாள்.

கியர் கை போனதும் செயின் ஊஞ்சல் மாதிரி தொங்கியது.

"இவ்வளவு நீளம் வேண்டாம். வெட்டணும்" என்றாள் கினாசி. சித்தப்பா கடையில் அவள் சுற்றாத நாள் கிடையாது. அவர் திருகுக் கருவியில் செயினை மாட்டி, கண்ணியிலிருந்து ஆணியைத் தள்ளுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

ஆனால் பார்ப்பது வேறு, செய்வது வேறு. ஒரேயடியாகத் திருகினாள். குட்டி ஆணி முழுசாக வெளியே வந்து டிங்கென்று விழுந்து உருண்டது.

"ஐயோ, உள்ளயே கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கணும்டி! இனி இதைத் திரும்பப் போட முடியாதே!"

"அப்ப வேற கண்ணியில எடுங்க. செயின்தான் நிறைய இருக்கே" என்றாள் லாராஸ்.

அடுத்த கண்ணியில் கினாசி நாக்கைக் கடித்துக்கொண்டு கால் திருகு, கால் திருகாகத் தள்ளினாள். ஆணி முக்கால்வாசி வந்ததும் நிறுத்தினாள். பிறகு செயினை மாட்ட வேண்டும். எந்தச் சக்கரத்தில்?

"முன்னால பெருசு, பின்னால சின்னது. அதுதான் ரொம்ப வேகம்!"

செயின் மாட்டியாயிற்று. சக்கரத்தைக் கையால் பின்னுக்கு இழுத்து நட்டை முடுக்கியாயிற்று. கினாசி ஏறி மிதித்தாள். சேற்று வயலில் நடப்பது மாதிரி கால் கனத்தது. முதல் மேட்டில் 'லொடக்' என்றது. செயின் கழன்று தரையைத் தொட்டது.

"லூசா இருக்கு!"

இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடு இழுத்து முடுக்கினாள். பெடலைச் சுற்றினால் 'கிர்ர்... கிர்ர்...' என்று முனகியது. ஒரு இடத்தில் வந்து இறுகிச் சுற்றவே மறுத்தது.

கினாசி ஸ்பேனரைத் தொப்பென்று போட்டாள். கிணற்றை மூன்று சுற்று சுற்றினாள். வேலியை உதைத்தாள். கால் வலித்தது. நொண்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

லாராஸ் சக்கரத்துக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பார்க்குற?"

"செயின் இழுத்த நூலு மாதிரி நேரா போகுதான்னு பார்த்தேன். கொஞ்சம் கோணலா இருக்குக்கா. நடுவுல இருக்கறதுல மாட்டினா நேரா போகும்."

கினாசியும் குந்திப் பார்த்தாள். உண்மைதான். முன்னால் நடுச் சக்கரம், பின்னாலும் நடுவில் ஒன்று. அதில் வைத்தால் செயின் கோடு போட்ட மாதிரி போகும். வேகம் குறையும். ஆனால் அவள் ஓட்டப்போவது எந்தப் பந்தயம்?

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முன்னால் இப்போது சின்னச் சக்கரம் என்பதால் செயின் இன்னும் குட்டையாக வேண்டும். மறுபடி ஆணி, மறுபடி கால் திருகு. மாட்டிவிட்டு, மறுபடி சக்கரத்தை இழுத்தாள். இப்போது வேறு தொல்லை. ஒரு பக்க நட்டை முடுக்கினால் சக்கரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மறுபக்கம் முடுக்கினால் முன்னுக்கு வழுக்கியது. அவளுக்கோ இரண்டே கைகள்.

"ஏதாவது ஆப்பு வைக்கணும். சக்கரத்துக்கும் இந்தக் குழாய்க்கும் நடுவுல. சக்கரம் முன்னாடி வரவே கூடாது." கினாசி சுற்றிலும் பார்த்தாள். "மரக்கட்டை... இல்ல, டயர் கிழியும்..."

லாராஸ் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, இரண்டாக மடித்து நீட்டினாள்.

அளவெடுத்துச் செய்தது போல் அது உள்ளே போய் உட்கார்ந்தது. சக்கரம் அசையவில்லை. கினாசி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாக முடுக்கினாள்.

"இப்ப செயின் எப்படி இருக்கு?"

லாராஸ் செயினின் நடுவில் ஒரு விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். பட்ட நூலைத் தொட்டுப் பார்ப்பது போலவே இருந்தது. "இங்க நல்லா இருக்கு. கொஞ்சமா மேல கீழ ஆடுது. பெடலைச் சுத்துங்க... இன்னும்... ம்ஹூம். இங்க ரொம்ப விறைப்பு. தெறிச்சிரும்."

"ஒரே செயின் எப்படி ஒரு இடத்துல லூசா, ஒரு இடத்துல டைட்டா இருக்கும்?"

"மெதுவாச் சுத்துங்கக்கா. நீங்க சுத்துற வேகத்துல எனக்குத் தெரிய மாட்டேங்குது."

கினாசி மெதுவாகச் சுற்றினாள். தன் வாழ்க்கையில் எதையும் அவள் அவ்வளவு மெதுவாகச் செய்ததில்லை. உள்ளங்கால் குறுகுறுத்தது. ஆனால் கண்ணுக்குப் புரிந்தது. முன் பல்சக்கரம் சரியான வட்டம் இல்லை! ஒரு பக்கம் துளி மேடு. அந்த மேடு வரும்போதெல்லாம் செயின் விறைத்தது.

"அப்ப இந்த மேட்டுல வச்சுத்தான் அளவு பார்க்கணும். இங்க கொஞ்சம் ஆடினா போதும், மத்த இடத்துல தானாச் சரியா இருக்கும்."

நட்டைத் தளர்த்தினாள். ஒரு முடி அளவு சக்கரத்தை முன்னால் விட்டாள். முடுக்கினாள். லாராஸ் விரலை வைத்தாள். தலையை ஆட்டினாள்.

பெடலைச் சுற்றினார்கள். முனகல் இல்லை. லொடலொடப்பு இல்லை. 'ஸ்ஸ்ஸ்' என்று மட்டும் சத்தம் வந்தது, எண்ணெய் போட்ட தையல் மிஷின் மாதிரி.

"அக்கா, செருப்பு" என்றாள் லாராஸ்.

கினாசி அதை மறந்தே போயிருந்தாள்.

சைக்கிள் ஓடியது. ஆனால் மெதுவாக ஓடவில்லை. மறுநாள் முழுக்கக் கினாசி தெருவில் பழகினாள். போன மூன்று வருடமும் மெதுவாப் பந்தயத்தில் ஜெயித்தவன் இரண்டாம் தெரு தர்மோ. எருமை மேல் உட்கார்ந்து தூங்குகிற மாதிரி ஆடாமல் அசையாமல் ஓட்டுவான். கினாசியும் அவனைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே சாய்ந்தாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, முழங்கையில் ஒன்று.

சோயாவில் செய்த டெம்பேயை இலையில் மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "சும்மா இருக்கறதுக்கு இவ்வளவு அடிபட்டவ இந்த ஊர்லயே நீதான்டி."

சுதந்திர தினம் வந்தது. ஒலிபெருக்கி ஊரையே எழுப்பியது. வேகப் பந்தயத்தில் பாஞ்சி மூன்றாவதாக வந்தான். அவன் முகம் தொங்கிப் போயிருந்தது. மெதுவாப் பந்தயத்துக்குத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கினாசி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் லாராஸ்.

பாஞ்சி உரக்கச் சொன்னான். "ஏய் லாராஸ், தள்ளிப் போ! ஒரு தடவை நூலு போட்டது போதாதா? கினா மட்டும் ஓட்டியிருந்தா வேகப் பந்தயத்துல நாமதான் முதல். எல்லாத்தையும் கெடுத்தவ நீதான்!"

கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். லாராஸ் சைக்கிளின் கேரியரை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

கினாசி சைக்கிளோடு பாஞ்சிக்கு நேராகத் திரும்பினாள்.

"அவ கெடுக்கல" என்றாள்.

"என்ன?"

"நூலு மாட்டினது எனக்குத் தெரிஞ்சுது. லாராஸ் நில்லுன்னு கத்தினா. அதுவும் கேட்டுச்சு. நான் நிக்கல. இன்னும் ஓங்கி மிதிச்சேன். அதனாலதான் உடைஞ்சது." மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். "அவ பட்டம்தான் போச்சு. எல்லாரும் அவளைத் திட்டினப்ப நான் ஒரு வார்த்தை சொல்லல. என் மேலதான் தப்பு. அவளைத் தள்ளிப் போகச் சொல்லாதே. இந்தச் சைக்கிளை அவளும் சேர்ந்துதான் செஞ்சா."

பாஞ்சி காதைச் சொறிந்துகொண்டான்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் வேற சும்மா அவளைத் திட்டிக்கிட்டு..." என்றவன் லாராஸ் பக்கம் திரும்பினான். "ஏய், வா. இங்க நின்னா நல்லாத் தெரியும்."

லாராஸ் வந்து கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ரெத்னோ அக்கா விசில் ஊதினாள்.

ஆறு பேர் புறப்பட்டார்கள். மூன்று பேர் கண் மூடித் திறப்பதற்குள் காலை ஊன்றிவிட்டார்கள். நாலாவது பையன் பக்கக் கோட்டைத் தாண்டி வடாம் போட்டிக் கயிற்றில் போய் முட்டினான். மிச்சம் இரண்டே பேர். தர்மோ சிலை மாதிரி வந்தான். கினாசியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்தாள்.

உடனே சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தது.

'போச்சு!'

அவளுடைய கை தானாக ஹேண்டிலைத் திருப்பியது. சைக்கிள் நிமிர்ந்தது. வலது பக்கம் சாய்ந்தது. கை மறுபடி திருப்பியது. இடுப்பு ஒரு பக்கம் நெளிந்தது, முழங்கால் ஒரு பக்கம் விரிந்தது. பெடலை ஒரு துளி அழுத்தினாள். இறுக்கமான செயின் அந்தத் துளியை அப்படியே சக்கரத்துக்குக் கொடுத்தது. ஒரு துளி நகர்ந்தாள். பிரேக்கைத் தொட்டாள். மறுபடி ஒரு துளி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அசையாமல் இருந்தால்தான் விழுகிறாள். அசைந்துகொண்டே இருந்தால் விழவில்லை!

அதற்கப்புறம் கினாசி தன்னை அடக்கவே இல்லை. தோள் ஆடியது, தலை ஆடியது, ஹேண்டில் மீன் வால் மாதிரி இப்படியும் அப்படியும் துடித்தது. ஆனால் சைக்கிள் மட்டும் போவேனா என்று ஊர்ந்தது.

"இவ என்ன ஓட்டுறாளா, டான்ஸ் ஆடுறாளா?" என்று யாரோ கேட்டார்கள். திடலே சிரித்தது.

தர்மோவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பெடலை மெல்ல அழுத்தினான். அவன் செயின் தொளதொளவென்று இருந்தது. முதலில் சும்மா இறங்கிய பெடல், 'லொடக்' என்று ஒரே இழுப்பாக இழுத்தது. சிலை துள்ளியது. சக்கரம் பக்கக் கோட்டைத் தாண்டியது. பதறிப்போய்க் காலை ஊன்றினான்.



"கினா, இன்னும் முடியல! எல்லைக் கோடு தாண்டணும்!" என்று கத்தினாள் ரெத்னோ அக்கா. "அவசரப்படாம வா!"

அதற்கு மேல் கினாசியால் முடியவில்லை. சேர்த்து வைத்திருந்த அத்தனை மிதியையும் ஒரேயடியாக மிதித்தாள். எல்லைக் கோட்டைத் தாண்டி, பரிசு மேஜையையும் தாண்டி, வாழை மரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்துதான் நின்றாள்.

நாலாம் தெருப் பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். தர்மோவும் வந்தான். குனிந்து அவளுடைய செயினைத் தொட்டுப் பார்த்தான்.

"எப்படி இவ்வளவு நல்லா இழுத்து வச்ச? எனக்கும் செஞ்சு தர்றியா?"

"லாராஸைக் கேளு. அவ செருப்பு இல்லாம ஆகாது" என்றாள் கினாசி.

பரிசு, துணி துவைக்கும் ஒரு பெரிய ரோஸ் நிறப் பிளாஸ்டிக் தொட்டி. லாராஸ் கேரியரில் ஏறிக்கொண்டு அதைத் தலையில் குடை மாதிரி கவிழ்த்துக்கொண்டாள். வழியெல்லாம் தொட்டிக்குள்ளிருந்து அவள் பேசும் குரல் கணகணவென்று கேட்டது. பாஞ்சி பக்கத்தில் சைக்கிள் ஓட்டியபடி, தன்னிடம் ஒரு பட்டம் சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம், தனக்கு ஒன்றும் அது அவசியம் இல்லை என்று இரண்டு தடவை சொன்னான்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். தொட்டியைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், குனிந்து செயினை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். புருவம் மேலே போனது.

"நாளைக்குச் சுகெங் வந்துருவாரு கினா. திரும்பக் கியர் மாட்டித் தரச் சொல்லவா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். வாசலில் ரோஸ் நிறத் தொட்டி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கினாசியும் லாராஸும் பாஞ்சியிடம் பட்டம் வாங்கத் தெருமுனை தாண்டிப் போயிருந்தார்கள்.